முதல் உதயமும் ஆட்டத்தின் தரமும்: மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்தை ஆடவர் ஓய்வுப்பருவ ஆட்டத்தோடு ஒப்பிடுதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

2000ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் விடியலில், நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் நடுவண் அமைந்த கட்சால் தீவு உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. புத்தாயிரத்தின் முதற் கதிரவனைக் காணும் இடம் அதுவே எனக் கிரீன்விச் வானாய்வாளர்தம் கணிப்பு கூறியமையே அதற்குக் காரணம். கணிப்பில் பிழையில்லை. கிரீன்விச் நேரப்படி அந்த ஆண்டு பிறக்கும் நள்ளிரவு, இந்திய நேரப்படி காலை 5.30 மணி. அவ்வேளையில் கதிரவன் எழும் கோட்டில் கட்சால் அமைந்திருந்தது. ஆயின், பசிபிக் பெருங்கடலிலுள்ள கிரிபாத்தி நாட்டின் கிழக்குத் தீவுகள் அதற்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் முன்பே தம் சனவரி முதல் நாளின் கதிரவனைக் கண்டுவிட்டன. அந்நாடு 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பன்னாட்டு நாள்கோட்டைத் தன் கிழக்கெல்லைக்கு அப்பால் வளைத்துக்கொண்டது. கரோலின் தீவு என்னும் தீவுக்கு மில்லினியம் தீவு எனப் பெயரும் சூட்டியது. (புத்தாயிரம் 2001இல்தான் தொடங்குகிறது என்ற கணக்காளர் முணுமுணுப்பை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டுவதில்லை.)

இரு கூற்றுகளும் மெய்யே. கிரீன்விச்சின் கடிகாரத்தை அளவையாகக் கொண்டால் கட்சால் முதலாவது. அவ்வவ்விடத்து நாட்காட்டியை அளவையாகக் கொண்டால் கிரிபாத்தி முதலாவது. 'முதல்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் எதனால் அளந்தீர் என வினவுவார் சிலரே. 'சிறந்தது', 'தரமானது' என்னும் சொற்களுக்கும் இந்நிலை பொருந்தும். இச்சொற்கள் அளவையைத் தமக்குள் மறைத்துக்கொண்டு வருவன. மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் தரத்தை ஆடவரின் ஓய்வுப்பருவ ஆட்டங்களின் தரத்தோடு ஒப்பிட்டு எழும் வழக்கினை எடுத்துக்கொண்டு, அவ்வழக்கில் மறைந்துள்ள அளவைகளையும், அவற்றால் விளையும் அறச் சிக்கலையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

வழக்கின் இயல்பு

அமெரிக்க ஆடவர் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.யின் போட்டிப் பருவம் அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு சூனில் முடிவது. இடைப்பட்ட கோடையே ஓய்வுப்பருவம். அப்பருவத்திலும் ஆடவர் ஆடாமலிருப்பதில்லை. நியூயார்க்கின் ஆர்லம் பகுதியிலுள்ள ரக்கர் பூங்கா, தென் லாஸ் ஏஞ்சலிஸில் 1973இல் தொடங்கிய டுரூ லீக் முதலியன பெயர் பெற்ற கோடைக் களங்கள். 2011ஆம் ஆண்டுக் கோடையில் கெவின் டியூரண்ட் ரக்கர் பூங்காவில் ஓர் ஆட்டத்தில் 66 புள்ளிகள் எடுத்தார். 2022இல் லெப்ரான் சேம்ஸ் டுரூ லீகில் 42 புள்ளிகள் எடுத்தார். இவையன்றி, புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்து பார்க்கும் கோடைக்காலப் போட்டி லாஸ் வேகஸில் 2004 முதல் நடைபெற்று வருகிறது. பஞ்சாபின் சத்னாம் சிங், 2015இல் என்.பி.ஏ. அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியராகப் புகழ் பெற்றவர், டல்லாஸ் அணிக்காக ஆடியது இத்தகைய கோடை ஆட்டங்களிலேயே.

மகளிர்க்கான கழகமாகிய டபிள்யூ.என்.பி.ஏ. தன் முதல் ஆட்டத்தை 1997 சூன் 21இல் நடத்தியது. ஆடவர் களங்கள் காலியாக இருக்கும் கோடையே அதற்கு ஒதுக்கப்பட்டது. ஆடவர்க்கு ஓய்வுப்பருவமாக இருப்பது மகளிர்க்குப் போட்டிப் பருவம். ஒரே கோடையில், ஒரே நகரில், ஒருபுறம் ஆடவர் பொழுதுபோக்காக ஆடுவதும் மறுபுறம் மகளிர் தொழிலாக ஆடுவதும் நிகழ்வதால் ஒப்பீடு தானே எழுகிறது. 'ஆடவர் விளையாட்டாக ஆடுவது மகளிர் உழைத்து ஆடுவதினும் தரமுடையது' என்பது ஒரு சாரார் கூற்று. 'அணியொழுங்கும் தடுப்பாட்டமும் அற்ற கோடை வேடிக்கையினும் மகளிர் ஆட்டமே மெய்யான கூடைப்பந்து' என்பது மறு சாரார் கூற்று. வழக்கு முப்பது ஆண்டுகளாகத் தீராமைக்குக் காரணம், இரு சாராரும் வெவ்வேறு பொருளைத் தரம் என்னும் ஒரே சொல்லால் சுட்டுவதே.

ஒப்புமைக்குத் தமிழ் மரபு வகுத்த நிலைக்களங்கள்

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு எவை அடிப்படை ஆகலாம் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என நான்கனை ஒப்புமையின் வகைகளாக வகுக்கிறது. மெய்யாவது வடிவு, உருவாவது நிறம் என உரையாசிரியர் விளக்குவர். செய்யுளின் அணிக்கு வகுத்த இதனை ஆட்டக் களத்துக்கு நேரே பொருத்துவது மிகையாகும். எனினும், ஒப்புமை கூறுவோன் எந்த வகையில் ஒப்பு என்பதைத் தெளிந்துகொள்ளக் கடமைப்பட்டவன் என்னும் உணர்வு அதில் உள்ளது. உயரம், கைந்நீளம், தாவும் அளவு ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவோர் மெய்யை நோக்குகின்றனர். பந்து கைமாறும் முறை, தடுப்பின் ஒழுங்கு, நேரத்தைக் கையாளும் திறம் ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவோர் வினையை நோக்குகின்றனர். முன்னவர் வினையைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு மெய்யைப் பேசுகின்றனர் என்பதே வழக்கின் முதல் முடிச்சு.

அவ்வியல் கூறும் மற்றொரு கருத்து இங்கு இன்னும் நெருங்கி வந்து பொருந்துவது. உவமையாகக் கொள்ளப்படும் பொருள் பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது அது. முகத்துக்கு மதியை உவமையாக்கும்போது மதி உயர்ந்தது என்பது சொல்லாமலே கொள்ளப்படுகிறது. இதனை மனத்திற் கொண்டு வழக்கின் சொல்லமைப்பை நோக்கினால் ஒன்று புலனாகும். மகளிரின் மிகச் சிறந்த ஆட்டம், அதாவது தெரிந்தெடுத்த அணிகள் ஊதியம் பெற்று, மாதக்கணக்கில் பயின்று, வெற்றி தோல்வியால் தம் வாழ்வே மாறக்கூடிய நிலையில் ஆடும் ஆட்டம், பொருளாக வைக்கப்படுகிறது. ஆடவரின் மிகத் தளர்ந்த ஆட்டம் உவமையாக வைக்கப்படுகிறது. விடை எதுவாயினும் வினா முன்னரே ஓர் இருக்கையை ஒதுக்கிவிட்டது. 'இல்லை, மகளிர் ஆட்டமே மேல்' என விடையிறுப்பவரும் அவ்விருக்கையை ஏற்றுக்கொண்டே பேசுகிறார். இறுதிப் போட்டியில் ஆடும் மகளிர் அணியைப் பூங்காவில் ஆடும் ஆடவரினும் உயர்ந்தது என்பது பாராட்டன்று.

ஒப்புமை தோன்றும் நிலைக்களங்களாகச் சிறப்பு, நலன், காதல், வலி என நான்கனைக் கூறும் தொல்காப்பியர், கிழக்கிடு பொருளையும் ஐந்தாவதாகச் சேர்க்கிறார். ஒன்றைத் தாழ்த்துதற்பொருட்டு எழும் ஒப்புமையும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. இவ்வழக்கின் பெரும்பகுதி அந்த ஐந்தாவது நிலைக்களத்தில் நிற்பது என்பதை மறுத்தல் அரிது.

ஆற்றலும் ஆட்டமும்

ஆடவர் சார்பில் கூறப்படுவனவற்றுள் மெய்யானதை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறை. கூடையின் வளையம் இருபாலார்க்கும் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. மகளிர் பந்து சற்றுச் சிறியது. அதன் சுற்றளவு 28.5 அங்குலம், ஆடவர் பந்தினது 29.5 அங்குலம். உயரத்திலும் தாவலிலும் விரைவிலும் தேர்ந்த ஆடவர் மகளிரை விஞ்சுவர். ஓர் ஆடவர் அணியும் ஒரு மகளிர் அணியும் மோதினால் யார் வெல்வர் என்பது ஐயத்துக்கு இடமானதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் அணிகள் பல, ஆண் மாணவர்களைப் பயிற்சிக்கான எதிரணியாக வைத்து ஆடிப் பழகுகின்றன. அம்மாணவர்கள் தம் பல்கலைக்கழக ஆடவர் அணியில் இடம்பெறும் தகுதியற்றவர்கள். ஆயினும் அவர்தம் வலிவும் விரைவும் மகளிர்க்கு நல்ல சோதனையாக அமைகின்றன. இதனை மறைத்துப் பேசுவதால் மகளிர் ஆட்டத்துக்கு எப்பெருமையும் விளையாது.

ஆனால் அந்த ஆண் மாணவர்கள் ஆடுவதைக் காண எவரும் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. யார் யாரை வெல்வர் என்பது ஒரு வினா. எது நன்கு ஆடப்பட்ட ஆட்டம் என்பது வேறு வினா. மற்போரிலும் குத்துச்சண்டையிலும் எடைப் பிரிவுகள் உள்ளன. இலேசான எடைப் பிரிவின் உலக வெற்றியாளர், பெரும் எடைப் பிரிவில் நடுத்தரமான ஒருவரிடம் தோற்பார். அதனால் அவர்தம் கலை தரங்குறைந்தது என எவரும் கூறார். ஆற்றலை அளப்பது ஒன்று, ஆட்டத்தை அளப்பது மற்றொன்று என்பதை ஆடவர்க்குள் எளிதில் உணரும் உலகம், பால் வேறுபாடு வந்தவுடன் மறந்துவிடுகிறது.

தரம் என்னும் சொல் உழைப்பின் உலகில் எவ்வாறு வழங்குகிறது என்பதையும் நோக்கலாம். இரப்பர்த் தோட்டங்களில் பாலின் அளவு வேறு, தாளின் தரம் வேறு. ஒரு மரம் மிகுதியாகப் பால் தரலாம். ஆயின் உறைய வைத்து, அழுத்தி, புகையூட்டிய தாளை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தே, குமிழும் கறையும் உண்டா எனக் கண்டு, ஒன்று முதல் ஐந்து வரையிலான தரத்துள் அதனைச் சேர்ப்பர். மிகுதியாகச் சுரந்த பால் கவனமின்றிக் கையாளப்பட்டால் ஐந்தாம் தரத் தாளாகும். ஆடவர் ஓய்வுப்பருவ ஆட்டத்தில் பால் மிகுதி. தாளோ பெரும்பாலும் அவசரத்தில் அடித்தது. டியூரண்ட் 66 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் இருந்தார். அவர்தம் தலைசிறந்த ஆட்டம் அங்கு இருந்ததா என்பதே வினா. எதிரணியின் போக்கை ஆராய்ந்து வகுத்த தடுப்பு அங்கில்லை. காயம் நேர்ந்தால் பல கோடி மதிப்புள்ள ஒப்பந்தம் பாழாகும் என்பதால் எவரும் உடலை முழுமையாக இடையிடுவதில்லை. ஆதலின் எவரும் முழுமையாகத் தடுக்கப்படுவதுமில்லை. 66 என்னும் எண் அவர்தம் ஆற்றலைக் காட்டும் அளவுக்கு எதிரணியின் தளர்ச்சியையும் காட்டுகிறது.

லாஸ் வேகஸ் கோடைப் போட்டியின் நிலை வேறு. அங்குத் தளர்ச்சியில்லை, பதற்றமே உண்டு. ஒவ்வோர் இளைஞனும் ஒப்பந்தம் ஒன்றைப் பெறுதற்காக ஆடுகிறான். தோழனுக்குப் பந்தைத் தருவது தன் வாய்ப்பைத் தருவதாகும். சில நாட்களுக்கு முன் கூடிய அணி, சில நாட்களில் கலைந்துவிடும். அணி என்னும் சொல்லுக்குரிய உள்ளீடு அங்கு உருவாகக் காலமே இல்லை.

மகளிர் போட்டியில் இந்நிலை மாறுகிறது. தடையின்றி நின்று எறியும் தனி எறிவில், உயரமும் தாவலும் பயன் தாராத அவ்வோரிடத்தில், இருபாலாரின் வெற்றி விழுக்காட்டில் பெரிய வேறுபாடு காணப்படுவதில்லை. இது சிறிய செய்தியாயினும், கைத்திறனும் மனவொருமையும் மெய்யின் அளவைச் சார்ந்தன அல்ல என்பதற்குக் களத்திலேயே கிடைக்கும் சான்று.

புகழ்ச்சியில் ஒளிந்த பூட்டு

மகளிர் ஆட்டத்தை ஆதரிப்போர் கூற்றிலும் ஒரு வழு உண்டு. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் புகழ்மிக்க பயிற்றுநர் ஜான் வூடன் தம் முதுமையில், தூய கூடைப்பந்தை மகளிர் ஆட்டத்திலேயே காண்பதாகப் பாராட்டினார். வளையத்துக்கு மேலெழுந்து பந்தைத் திணிக்கும் பகட்டு அங்கில்லை, அணியொழுங்கு உண்டு என்பது அவர்தம் மகிழ்ச்சி. நல்லெண்ணத்தில் எழுந்த பாராட்டு இது. ஆயினும் இயலாமையை ஒழுக்கமாக மாற்றும் பாராட்டு, இயன்ற நாளில் குற்றச்சாட்டாகத் திரும்பும். 2002 சூலை 30இல் லீசா லெஸ்லி டபிள்யூ.என்.பி.ஏ.யில் முதன்முறையாகப் பந்தை வளையத்துள் திணித்தார். அந்நொடியில் மகளிர் ஆட்டத்தின் தூய்மை குறைந்ததா? குறையவில்லையெனில் தூய்மை என்பது திணியாமையில் இருந்ததில்லை.

மகளிர் ஆட்டத்துக்கு இத்தகைய வேலி முதலிலிருந்தே இடப்பட்டது. 1891 திசம்பரில் சேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடைப்பந்தை உருவாக்கிய சில மாதங்களிலேயே அதனை மகளிர் ஆடத் தொடங்கினர். ஸ்மித் கல்லூரியின் செண்டா பெரன்சன் மகளிர்க்கெனத் தனி விதிகளை வகுத்தார். களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தம் பகுதியைத் தாண்டி ஓடலாகாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கலாகாது. பெண்மைக்கு ஊறு நேராதிருக்க இவ்வேற்பாடு. இவ்வழியில் வளர்ந்த அறுவர் ஆட்டம் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை நிலைத்தது. வேடிக்கை என்னவெனில், விதிகளால் குறுக்கப்பட்ட அந்த ஆட்டத்தின் மாநிலப் போட்டிகளைக் காண அயோவா மக்கள் ஆயிரக்கணக்கில் அரங்குகளை நிறைத்தனர். ஆட்டத்தின் ஈர்ப்புக்கு ஆற்றலின் உச்சம் ஒன்றே காரணம் என்போர்க்கு அயோவா விடை கூற வேண்டும்.

நிக்கோபாரிலிருந்தே மற்றொரு சான்று கூறலாம். கார் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004ஆம் ஆண்டுத் திசம்பர் 26 ஆழிப்பேரலையில் மரத்தைப் பற்றி உயிர் பிழைத்த சிறுமி, பின்னர் ஓடுதள மிதிவண்டிப் போட்டியில் இந்தியாவின் முன்னணி வீராங்கனையானார். அவர்தம் சிறப்புப் போட்டி 500 மீட்டர் நேரப் போட்டி. அதே போட்டி ஆடவர்க்கு 1000 மீட்டர். பாதித் தொலைவே மகளிர்க்கு ஏற்றது என எவர் எப்பொழுது அளந்து கண்டனர்? 2025இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் மகளிர்க்கும் 1000 மீட்டரே என மாற்றியது. மகளிர் அத்தொலைவை விரைந்து கடந்தனர். பல பத்தாண்டுகள் அளவையாக நின்றது ஓர் அனுமானமே.

தமிழ் இலக்கியத்தில் மகளிர் பந்தாட்டத்துக்கு இடமுண்டு என்பது அறிஞர் அறிந்ததே. சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் கந்துகவரி மகளிர் பந்தாடும் பாட்டாக அமைகிறது. பெருங்கதையின் வத்தவ காண்டத்துப் பந்தடி கண்ட பகுதியில் மகளிர் ஒருவரையடுத்து ஒருவராகப் பந்தாடி, அடித்த எண்ணிக்கையால் ஒருவரையொருவர் விஞ்சுகின்றனர். அங்கு அளவை மகளிர்க்குள்ளேயே உள்ளது. உதயணன் எத்தனை அடிப்பான் என்ற வினா எழவில்லை. எனினும் இதனைப் பழந்தமிழரின் சமநோக்குக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அப்பகுதியின் பெயரே 'கண்டது' என முடிகிறது. ஆடுவோர் மகளிர், காண்பவன் மன்னன். பிள்ளைத்தமிழ் இலக்கணமும் முதல் ஏழு பருவங்களைப் பொதுவாக வைத்து, இறுதி மூன்றில் ஆண்பாலுக்குச் சிறுதேரும் சிறுபறையும் சிற்றில் சிதைத்தலும் தந்து, பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் தந்து பிரித்துவிடுகிறது. விளையாட்டைப் பால்வழிப் பிரிப்பதில் தமிழ் மரபு பெரன்சனுக்கு மூத்தது.

ஓய்வு யாருக்கு உரியது

இவ்வழக்கில் பெரிதும் பேசப்படாத சொல் 'ஓய்வுப்பருவம்' என்பதே. ஆடவர்க்கு ஓய்வுப்பருவம் இருப்பதற்குக் காரணம், போட்டிப் பருவத்து ஊதியமே ஆண்டு முழுமைக்கும் போதியது. ஆதலின் கோடையில் அவர்கள் விரும்பியவாறு ஆடலாம், ஆடாமலும் இருக்கலாம். மகளிர்க்கு நெடுங்காலம் அத்தகைய பருவமே இல்லை. கோடையில் டபிள்யூ.என்.பி.ஏ.யில் ஆடியபின், குளிர்காலத்தில் உருசியா, துருக்கி, சீனம் முதலிய நாடுகளுக்குச் சென்று ஆடினர். அங்குக் கிடைத்த ஊதியமே பெரிது. உருசியக் கழகம் ஒன்று டயானா டவுராசிக்கு 2015ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்கே பணம் தந்தது. உலகின் தலைசிறந்த வீராங்கனையருள் ஒருவர்க்கு ஓய்வு என்பதும் ஒப்பந்தம் வழியே கிட்டியது. 2022 பிப்ரவரியில் பிரிட்னி கிரைனர் மாஸ்கோ வானூர்தி நிலையத்தில் பிடிபட்டு, ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, அவ்வாண்டுத் திசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுபட்டதும் இத்தகைய குளிர்காலப் பயணம் ஒன்றிலேயே. ஆடவர் ஒருவரின் ஓய்வுப்பருவம் பூங்காவில் கழிந்தது. மகளிர் ஒருவரின் ஓய்வுப்பருவம் சிறையில் கழிந்தது.

ஆகவே ஆடவரின் ஓய்வையும் மகளிரின் உழைப்பையும் ஒப்பிட்டு எது தரமானது என வினவுவோர், ஓய்வு எவ்வாறு கிடைத்தது என்பதை வினவாமல் விடுகின்றனர். ஆண்டு முழுதும் இரு கண்டங்களில் ஆடித் தேய்ந்த உடலோடு களமிறங்கும் மகளிரை, நலம்பேணி மருத்துவரோடு வாழும் ஆடவரோடு மெய்யால் ஒப்பிடும்போது, அம்மெய்யில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு ஊதியம் என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

இந்திய நிலை இதனினும் இறுக்கமானது. சென்னையின் அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை ஆசியக் கூட்டமைப்பின் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்பது முறை இந்தியாவுக்காக ஆடியவர். தாய்மைக்குப் பின் மீண்டும் களமிறங்கி, 2017இல் பெங்களூரில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியா வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தபோது அணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் வாழ்ந்தது தென்னக இரயில்வேயின் ஊழியராக. அதே இரயில்வே அணியில் ஆடிய கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் 2006இல் ஆஸ்திரேலியக் கழகம் ஒன்றுக்கு ஆடச் சென்றார், 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ.யின் மூன்று அணிகளின் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டார், ஒப்பந்தம் கிட்டவில்லை. சத்னாமுக்கு ஓர் அணியில் இடம் தவறினும் கோடைப் போட்டி, துணைக் கழகம் எனக் கீழே படிகள் இருந்தன. கீதுவுக்கு அத்தகைய படிகள் இல்லை; ஏறினால் உச்சி, இல்லையேல் சென்னைக்குத் திரும்பும் பயணச்சீட்டு. ஆடவரின் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் ஆடிப் பழக இடமிருப்பதே அவர்தம் முதல் தரத்தை ஆக்குகிறது.

அரைப்பேர் என்னும் அளவை

இங்குக் கட்சாலுக்குத் திரும்புவது தேவையாகிறது. அத்தீவு நிக்கோபார் மக்களின் தாயகம். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருள் ஒரு பகுதியினரும் அங்குள்ள இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் விட்டு வந்த தேயிலைத் தோட்டங்களில் உழைப்பை அளக்க ஒரு சொல் இருந்தது: அரைப்பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைய நாளுக்கு அரைப்பேரே பதியப்படும், கூலியும் பாதியே. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக் குத்துதல் முதலிய ஆண்களின் பணி ஒதுக்கிய அளவு முடிந்தால் முடிந்தது. நண்பகல் கழிந்தவுடன் வீடு திரும்பலாம். பெண்ணின் பணிக்கு நிறையே எல்லை. மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும். இவ்வாறு நீண்ட நாள் உழைத்த பெண்ணுக்கு ஆணினும் குறைந்த நாட்கூலியே வழங்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் இக்கூலி 1984இல்தான் சமமாக்கப்பட்டது. கட்சாலுக்கு முன்னரே வந்துசேர்ந்தோர் அச்சமத்துவத்தைக் காணாமலே வெளியேறியவர்கள்.

ஆணின் வேலை கடினமானது, ஆகவே தரம் மிகுந்தது, ஆகவே கூலி மிகுந்தது என்பது அன்றைய வாதம். கடினத்தை உடல்வலியால் அளந்தனர். நேரத்தால் அளக்கவில்லை, விரல்நுனித் திறத்தால் அளக்கவில்லை. அளவை ஆணின் மெய்யிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருநாளின் நான்கு மணி ஓய்வு ஆணுக்கு அவன் வலிவின் பரிசாகத் தோன்றியது. உண்மையில் அது அளவையின் பரிசு. கோடைப் பூங்காவில் ஆடும் ஆடவரின் ஓய்வுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வினையாலும் பயனாலும் அமைந்தது எனலாம்.

இந்தியாவில் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் 'ஒரே பணி' என்பதோடு நில்லாமல் 'ஒத்த தன்மையுடைய பணி' என்பதையும் சேர்த்தது. ஒப்புமையின் வகையைச் சட்டமே தேட வேண்டியதாயிற்று. இதன் பின்னணியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2022 அக்டோபரில் எடுத்த முடிவு நோக்கத்தக்கது. நாட்டுக்காக ஆடும் ஒரு டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 இலட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 இலட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 இலட்சம் ரூபாய் என ஆட்டக் கட்டணம் இருபாலார்க்கும் ஒன்றாக்கப்பட்டது. ஆண்டு ஒப்பந்தத் தொகையில் வேறுபாடு நீடித்தது. எனினும் அக்கட்டணத்தை வகுக்கும்போது மகளிரின் பந்துவீச்சு வேகம் ஆடவரினும் குறைவு என்பது எவரும் அறியாததன்று. இரண்டும் நாட்டின் பெயரால் ஆடும் ஆட்டம் என்பதே அளவையாயிற்று.

ஆற்றலில் குறைவு, ஆகவே ஆட்டத்தில் குறைவு. ஆட்டத்தில் குறைவு, ஆகவே ஊதியத்தில் குறைவு. ஊதியத்தில் குறைவு, ஆகவே மதிப்பில் குறைவு எனச் சறுக்கிச் செல்லும் தொடரில் முதற் கூற்று மட்டுமே அளந்து கண்டது. மற்ற மூன்றும் அதன்மேல் ஏற்றியவை. சந்தை தரும் ஊதியம் காண்போர் தொகையைப் பொறுத்தது என்னும் மறுப்பு வலிவுடையதே. அதனை எளிதில் தள்ள இயலாது. ஆயின் காண்போர் தொகை தானே விளைவதன்று. தொலைக்காட்சி நேரம், செய்தித்தாளின் பக்கம், அரங்கின் அளவு ஆகியவற்றால் ஆக்கப்படுவது. 2024இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் டபிள்யூ.என்.பி.ஏ.யில் நுழைந்தபோது அரங்குகள் நிறைந்தன; வளையத்தின் உயரமோ பந்தின் அளவோ அவ்வாண்டு மாறவில்லை.

2025 சனவரியில் பிரியானா ஸ்டீவர்ட்டும் நஃபீசா கோலியரும் தொடங்கிய அன்ரைவல்டு என்னும் மூவர் கூடைப்பந்துப் போட்டி அமெரிக்காவின் மயாமி அருகே நடைபெற்றது. டபிள்யூ.என்.பி.ஏ.யின் ஓய்வுப்பருவத்தில், வீராங்கனையர் கடல் கடந்து செல்லாமல் தம் நாட்டிலேயே ஊதியம் பெற்று ஆடவும், போட்டியின் உடைமையில் பங்கு பெறவும் அது வழி செய்தது. ஆடவரின் ஓய்வுப்பருவ ஆட்டத்தோடு மகளிரின் ஓய்வுப்பருவ ஆட்டத்தை வைத்து ஒப்பிட விரும்புவோர்க்கு இப்பொழுதுதான் பொருளும் உவமையும் ஒரு தட்டுக்கு ஒன்றாகக் கிடைத்துள்ளன.